தொட்டியில் ஈரம்

ஜூன் 2, திங்கள்

புதினாவை மூன்றாம் தடவை வெட்டினேன். வெட்ட வெட்டத் தழைக்கிறது, திட்டத் திட்ட வாய் நீளும் என் பேத்தி வாலு மாதிரி. பால்கனியில் இப்போது ஏழு தொட்டி. அதில் பெயிண்ட் வாளி இரண்டு, மகள் தூக்கிப் போட இருந்த குக்கர் ஒன்று. ஆணியைச் சுட்டு வாளிக்கு ஓட்டை போட்டது இந்தக் கைதான். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது சொல்லியேவிட்டேன். இலை கிள்ள நாலு கை வருது, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த ஒரு கை வரல என்று. மகள் சிரித்தாள். மாப்பிள்ளை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர். மூன்று வார்த்தை பேசினால் நாலாவதுக்கு லீவு.

ஜூன் 6, வெள்ளி

விரல் விட்டுப் பார்க்காமல் எந்தத் தொட்டிக்கும் நான் தண்ணீர் விடுவதில்லை. இரண்டாம் கணு வரைக்கும் மண் காய்ந்திருக்க வேண்டும். கற்பூரவல்லிக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை போதும். இன்று காலை அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை ஊற்றியதுதானே? நேற்றும் ஊற்றினேனா?

ஜூன் 9, திங்கள்

மறுபடியும் தட்டில் தண்ணீர். மண்ணைச் சுற்றிப் பொடி ஈக்கள். இனிமேல் ஊற்றியவுடன் இந்த நோட்டில் ஒரு டிக் போட வேண்டியது. வாலு கொடுத்த நோட்டு, அட்டையில் பூனைப் படம்.

ஜூன் 11, புதன்

தட்டுகள் காய்ந்திருக்கின்றன. அப்பாடா. புதினாவுக்கு மட்டும் ஒரு டம்ளர். டிக்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று டிக் இல்லை. இன்றும் இன்னும் போடவில்லை. தட்டு நிறையத் தண்ணீர்.

ஊத்திட்டு டிக் போட மறந்தேனா? ஊத்தினதையே மறந்தேனா? ரெண்டும் ஒண்ணுதானே — இல்ல, ரெண்டும் ஒண்ணு இல்ல. யார்கிட்ட கேக்குறது இதை.

ஜூன் 15, ஞாயிறு

மகள் பார்த்துவிட்டாள். கற்பூரவல்லியின் அடித்தண்டு கறுத்துப்போயிருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தன தடவம்மா ஊத்துற?"

"நான் ஊத்தலடி."

"பால்கனிக்கு மேல கூரை இருக்கு. மழையும் இல்லையே."

அவள் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த வாரம்தான் என் கண்ணாடி வேறு பிரிட்ஜுக்குள் கிடந்தது. இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. இருபத்தாறாம் தேதி டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அதுவரை வாலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நான் கூட்டிவர வேண்டாமாம். வேன் வருமாம்.

ஜூன் 16, திங்கள்

மூன்றரை மணிக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடியது. பள்ளிக்கூட வாசலில் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். வாலு பையை என் மேல் வீசிவிட்டு, வழி நெடுக வகுப்புக் கதையெல்லாம் கொட்டுவாள். இன்று வேனிலிருந்து இறங்கி மேலே பார்த்துக் கை ஆட்டினாள். பால்கனியிலிருந்து நானும் ஆட்டினேன். வீட்டுக்குள் வந்ததும், கதையெல்லாம் வேன் பிள்ளைகளிடம் சொல்லித் தீர்ந்துவிட்டது என்றாள்.

ஜூன் 18, புதன்

தட்டு காய்ந்திருக்கிறது. புதினாவுக்கு டிக்.

ஜூன் 20, வெள்ளி

தண்ணீர். கற்பூரவல்லியில் அழுகாத நுனி நாலை நறுக்கி, நிழலில் காய வைத்தேன். நாளைக்கு மணல் கலந்து புது மண்ணில் நடவேண்டும். தாய்ச்செடியைப் பிடுங்கிப் போட்டபோது வேர் நாறியது. நானா உன்னைக் கொன்றேன்?

ஜூன் 23, திங்கள்

வேலை ஓடவில்லை. நோட்டை முதலிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். தட்டு காய்ந்திருந்தது பதினொன்று, பதினெட்டு. இரண்டும் புதன். மறதிக்குக் கிழமை தெரியுமா? வாரத்தில் ஒரு நாள் மட்டும் லீவு எடுக்குமா?

லீவு.

புதன்கிழமை மாப்பிள்ளைக்கு லீவு.

ஜூன் 24, செவ்வாய்

முதல் டிரிப்புக்கு அவர் கிளம்புவதற்கு முன்பே எழுந்து, பால்கனிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். காக்கிச் சட்டையோடு வந்தார். கையில் முந்தின நாள் கொண்டுபோன பெரிய பாட்டில்கள் இரண்டு. மிச்சத் தண்ணீரை ஒவ்வொரு தொட்டிக்கும் சரிசமமாக ஊற்றினார். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி அவ்வளவு பதவிசு. தொண்டையைச் செருமினேன். பாட்டில் மூடி கை தவறி மூன்று மாடி கீழே போய் விழுந்தது.

"நீங்கதான சொன்னீங்க அத்தை, ஒரு சொட்டு ஊத்த ஆளில்லன்னு."

"ஊத்துறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேணாம்னுடுவீங்க."

ராத்திரி முழுக்கத் திட்ட வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர், வேன், கறுத்த தண்டு எல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு மறதி வருது என்று மட்டும்தான் மகள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். செடி விஷயமே அவருக்குத் தெரியாது. பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய் அவளை எழுப்பி, தானே சொன்னார். மூன்று வார்த்தையைத் தாண்டித்தான் இருக்கவேண்டும். நெடுநேரம் சத்தம் கேட்டது.

மகள் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவளுக்கு வராது, என் பிள்ளைதானே. காப்பியை வைத்துவிட்டு, வேனுக்குச் சொல்லிட்டேன், மூன்றரைக்கு நீயே போ, மறந்துடாத என்றாள். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஜூன் 26, வியாழன்

வாங்கிய நேரத்தை வீணாக்குவானேன் என்று டாக்டரிடமும் போனோம். தேதி கேட்டார். தேதி, கிழமை, ஏழு தொட்டியின் ஈரம் எல்லாம் ஒப்பித்தேன். கண்ணாடி எப்படி பிரிட்ஜுக்குள் போனது என்றார். கண்ணாடி போட்டிருந்தால் அது பிரிட்ஜ் என்று தெரிந்திருக்கும் என்றேன். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார், அதுவும் சும்மா பார்த்துப் போக.

ஜூலை 9, புதன்

பால்கனிக் கதவில் ஒரு காலண்டர் மாட்டியாயிற்று. நான் ஊற்றினால் டிக், மாப்பிள்ளை ஊற்றினால் வட்டம். விரல் விட்டு ஈரம் பார்க்கிற கணக்கை அவருக்கு ஒரு தடவைதான் சொன்னேன்.

நட்ட நாலு நுனியில் மூன்று பிடித்துவிட்டது. கொழுந்து விட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் வாலுவிடம் சொன்னேன். அவள் கதை முடிகிற வரைக்கும் காத்திருக்கச் சொன்னாள். காத்திருந்தேன்.

இன்று அவருக்கு லீவு. காலண்டரில் இன்றைய கட்டத்தில் ஒன்றும் இல்லை. டீ டம்ளரை நீட்டியபோதுதான் பார்த்தேன், மாப்பிள்ளையின் ஆள்காட்டி விரலில் இரண்டாம் கணு வரைக்கும் மண்.