நான் சொல்லாத சாட்சி

அனுப்புநர்:
சென்னிமலை,
லாரி உரிமையாளர், ஓட்டுநர்,
எருமப்பட்டி, நாமக்கல் வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: லோடு முறைக் கம்ப்யூட்டர் குளறுபடிக்காகப் பெண் ஊழியர் மீது கொடுக்கப்பட்ட புகாரில், சாட்சியாக உள்ள என் பெயரை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் லாரி புக்கிங் சங்கத்தில் எந்த லாரிக்கு எந்த லோடு என்று முறை வைத்துப் பலகையில் எழுதி வந்தார்கள். சென்ற ஐப்பசியில் அதற்குக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். புரோகிராம் எழுதியது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உள்ள கம்பெனி ஒன்று. இயக்கியவர் சங்க ஊழியரான வஹீதுன்னிசா என்ற பெண்.

2. திறப்பு விழாவில் நானும் இருந்தேன். "இன்னும் சோதனை முடியலீங்க, கொஞ்ச நாள் பலகையும் கூடவே இருக்கட்டும்" என்று அந்தப் பெண் எல்லோர் முன்னும் சொன்னார். கம்பெனிக்காரர் வாய் திறக்கவில்லை. செயலாளர் தண்டாயுதபாணி, "பூஜை போட்டாச்சு அம்மிணி, இப்ப நிறுத்துனா நாலு பேரு சிரிப்பாங்க" என்றார். பலகையை அன்றே கழற்றினார்கள்.

3. அடுத்த வாரம் அடைமழை. கம்ப்யூட்டர் ஒரே லோடுக்கு மூன்று லாரிகளை அனுப்பியது. பல லோடுகளுக்கு லாரியே போகவில்லை. எருமப்பட்டிக் களங்களில் சின்ன வெங்காயம் நனைந்து அழுகியது. என் தங்கை ராமாயியின் விளைச்சலும் அதில் போயிற்று. சங்கத்தை முற்றுகையிட்டபோது முன்னால் நின்று கத்தியவன் நான்.

4. மறுநாள் செயலாளர் என் வீடு தேடி வந்தார். "அந்தப் புள்ள காசு வாங்கீட்டு முறைய மாத்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இனி மொதல் லோடு உங்களுக்குத்தானுங்க" என்றார். "என்ற தங்கச்சி வெங்காயத்துக்கு நீங்கதானுங்க பதில் சொல்லோணும்" என்று அனுப்பிவிட்டேன். அன்று முதல் என் லாரிக்கு லோடு இல்லை. அந்தப் பெண் காசு வாங்கியதாகச் சங்கம் கொடுத்த புகாரில், சாட்சியாக மட்டும் என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். தங்கள் காவலர் வந்து சொன்ன பிறகே அது எனக்குத் தெரியும்.

5. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை, அவர் கேட்டதுமில்லை. இன்று அவருக்கு வேலையும் போய், திருடி என்ற பெயரும் வந்துவிட்டது. நஷ்டப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்து எங்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். அவசரமாகத் திறக்கச் சொன்னவர் யார், அரைகுறையான புரோகிராமைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றவர் யார் என்று புகாரில் ஒரு வரியும் இல்லையாம்.

ஆகவே பொய்ச்சாட்சியாக உள்ள என் பெயரை நீக்கி, செயலாளரையும் கம்பெனிக்காரரையும் விசாரிக்க வேண்டுகிறேன். சாட்சி வேண்டுமென்றால் நானே வருகிறேன். வஹீதுன்னிசாவைக் கூப்பிடும் முன் என்னைக் கூப்பிடுங்கள். செயலாளரை எதிரில் உட்கார வையுங்கள். அவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

இடம்: எருமப்பட்டி
நாள்: 21.11.1988

சொன்ன சொல்லில் மாறாத,
(ஒப்பம்) சென்னிமலை