கட்டைபறிச்சான் பாஸ் என்று ஒருவர் இருந்ததில்லை

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய யோகம்,

வருகிற பங்குனியோடு நீர் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். ஆண்டுத் திவசத்துக்கு வருகிறவர்களிடம் கொடுக்க நினைவு மலர் ஒன்று அச்சாகிறது. "அப்பா, அம்மாவுக்கு ஒரு பத்துப் பாட்டு எழுதித் தாங்கோ" என்று மகள் கேட்டாள். பாட்டு எழுத மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உம்மிடம் பேசுவதை ஊரும் கேட்கவேண்டும் என்றுதான் மலரில் போடுகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். உமது பள்ளிக்கூட வானை இப்போது றிஸ்வானா ஓட்டுகிறாள். கதவடியில் இருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்க நீர் சேர்த்துக்கொண்ட அதே றிஸ்வானா. சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டாள். வான் முன்போலவே நம் வளவில்தான் நிற்கிறது. பிள்ளைகள் அவளை "வான் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். உம்மைக் கூப்பிட்ட பெயர் அது. முதல் இரண்டு நாள் படலையடியில் அதைக் கேட்கும்போது உள்ளே போய்விடுவேன். இப்போது பழகிவிட்டது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை வான் கிளம்பவில்லை. திறப்பைத் திருகினால் எஞ்சின் சுழல்கிறது, பற்றவில்லை. பின்னால் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கவேண்டுமாம், அது இல்லை. றிஸ்வானா இறங்கி வந்து சொன்னாள்:

"பெற்றோல் பம்ப் போயிட்டு சேர். அக்கா இருக்கக்குள்ள ஒரு பாஸ் வந்து மாத்தினாரு எண்டு சொல்லுவாங்களே, கட்டைபறிச்சான் பாஸ், அவர்ட நம்பர் இருக்கா?"

"அவர் இப்ப இஞ்ச இல்லைப் பிள்ளை. வெளிநாடு போட்டார்."

பூசை முடித்து வந்து நின்றேன், யோகம். நெற்றியில் நீறு ஈரம் காயவில்லை. உமது படம் எனக்குப் பின்னால் இருந்தது.

வாகனம் திருத்தும் அந்த பாஸ் யாரென்று உமக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன், நான் விட்டுவிட்டுச் சொல்லும் இடங்களை நீர் அங்கிருந்து பார்த்துக்கொள்ளும்.

ஏழு வருடத்துக்கு முன் இதே வானில் இதே பம்ப் பழுதானது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை. பட்டறையில் நாலு நாள் என்றார்கள். நீர் நாலு நாள் காத்திருக்கிறவர் இல்லை. சனிக்கிழமையே நடு இருக்கையைக் கழற்றி, தரையில் இருந்த மூடியைத் திறக்கப் போனீர். அதற்கு முன் என்னிடம் வந்து, "பெற்றோல் ஆவி வரும், சாமியறை விளக்கை ஒருக்கா நூர்த்துவிடுங்கோ" என்றீர். "சாமி விளக்கை நூர்க்கிறதோ?" என்று நான் உறுக்கினேன். நீர் திரும்பிப் போனீர். கைப்பிறேக்கைத் தளர்த்தி, நம் வளவுச் சரிவிலே வானைத் தனியே உருட்டி, வீட்டுக்கு எட்டத்தில், படலையடியில் கொண்டுபோய் நிறுத்தினீர். பழைய பம்ப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டு, பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய், புதியதோடு வந்தீர்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயிலில் புராணப் படிப்பு. ஒருவர் பாட்டை வாசிக்க, நான் பயன் சொல்லும் நாள். அன்றைக்கு வந்த பகுதி வாய்மையைப் பற்றியது. நான் தலை தோய்ந்து, வேட்டி கட்டி, குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நீர் வானுக்குள்ளிருந்து கூப்பிட்டீர்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வந்து இந்த லைற்றைப் பிடியுங்கோவன். ரெண்டு கையும் பெற்றோல் ராங்குக்குள்ள."

"நான் தோஞ்சிட்டன். பெற்றோல் மணக்கும்."

லைற்றை நீர் பல்லில் கடித்துக்கொண்டீர் என்பதை அடுத்த நாள் உமது உதட்டோரத்தில் இருந்த காயத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே கோயில் தலைவரும் இன்னும் இருவரும் என்னை அழைத்துப்போக வந்தார்கள். படலையைத் திறந்தால் முன்னால் வான். கதவு திறந்திருக்கிறது. எனது பழைய பள்ளிக்கூடக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நீர் குப்புறப் படுத்திருக்கிறீர்; பாதம் மட்டும் வெளியே.

"ஆர் மாஸ்ரர் உதுக்க கிடக்கிறது?" என்றார் தலைவர்.

ஒரு சொல் போதும். "என்ர மனிசி" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. மனைவி வான் ஓட்ட மாஸ்ரர் பயன் சொல்கிறார் என்று முன்னொரு நாள் தேர்முட்டியடியில் யாரோ சிரித்தது எனக்குள் கிடந்தது. நான் சொன்னேன்:

"வாகனம் திருத்த ஒரு பாஸ் வந்திருக்கிறார்."

உமது பாதங்கள் மெல்ல உள்ளே போனதை நான் கண்டேன். அவர்கள் காணவில்லை.

"நல்ல பாஸோ? என்ர காரும் ஒரு மாதமா இருமுது. ஆளை ஒருக்காக் கூப்பிடுங்கோவன்."

"இப்ப ஏலாது. கை ராங்குக்குள்ள."

"எந்த ஊர் ஆள்?"

"கட்டைபறிச்சான்."

"அம்மாடி, அங்கையிருந்தோ! அக்கா எங்க, காணேல்ல?"

"கோயிலுக்குப் போட்டா."

மூன்று கேள்விக்கு மூன்று பொய். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அவர்கள் விறாந்தையில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரப்பதைப் பற்றியும், மடப்பள்ளிக் கூரை ஒழுகுவதைப் பற்றியும் கதை போனது. அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலமும் நீர் எழும்பவில்லை, இருமவில்லை, ஆணி கழற்றும் சாவி ஒன்றைக்கூடக் கீழே வைக்கவில்லை. திறந்த பெற்றோல் தாங்கிக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போன பெண்ணாகக் கிடந்தீர்.

அவர்கள் காரில் ஏறி எனக்காகக் காத்திருந்தபோது, அவர்கள் காணாமல் வானின் மறுபக்கத்தால் இறங்கி, சால்வை எடுக்க வந்த என்னிடம் குசினி வாசலில் வந்து நின்றீர். கண் இரண்டும் சிவந்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி, ஓங்காளித்துக்கொண்டு நின்றீர். அப்போதும் உமக்குப் பகிடி விட்டுப்போகவில்லை.

"பாஸுக்கு ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?"

"நேரம் போட்டுது" என்றேன். போய்விட்டேன். போய், வாய்மைக்கு முக்கால் மணித்தியாலம் பயன் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்றார்கள். ஒரு மூதாட்டி கண் துடைத்தார்.

பம்ப்பை நீரே தனியாகப் பூட்டி முடித்தீர். திங்கட்கிழமை பிள்ளைகள் நேரத்துக்குப் பரீட்சைக்குப் போனார்கள்.

பொய்க்கு ஊரும் பெயரும் கொடுத்தால் அது வளரத் தொடங்கிவிடுகிறது. தலைவர் காணும்போதெல்லாம் கேட்பார்: "எங்க மாஸ்ரர், உங்கட கட்டைபறிச்சான் பாஸ்?" மனிதருக்கு வயல் வேலை, மனிதருக்குக் காய்ச்சல், மனிதரின் மகளுக்குக் கலியாணம் என்று நான் அடுக்கினேன். நீர் கேட்டுக்கொண்டிருப்பீர். பிறகு வானில் ஏதும் வேலை செய்ய இறங்கினால், "இண்டைக்குக் கட்டைபறிச்சானுக்கு ஆள் அனுப்பியாச்சு" என்று சொல்லிச் சிரிப்பீர். நானும் சிரிப்பேன். அது சிரிப்புத்தானா, யோகம்? இப்போது இரவும் பகலும் அதைத்தான் யோசிக்கிறேன். என் சொல் பொய்யாகிவிடக்கூடாது என்று றிஸ்வானாவிடம்கூட நீர் அந்த பாஸைத்தான் சொல்லியிருக்கிறீர். உம்மோடு ஒரு இருக்கையில் இருந்து உழைத்த பிள்ளையிடம்.

அந்தப் பிள்ளை போன மாதம் புதுப் பம்ப் வாங்கக் கிண்ணியாவுக்குப் போனாள். பகல் திரும்பி வந்தாள். பெட்டியை மேசையில் வைத்தாள். என்னைப் பார்க்காமல், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"சேர், பாஸ் கட்டைபறிச்சான் இல்லியாம்."

"பின்ன?"

"ஓர்ஸ் ஹில்லாம்."

ஓர்ஸ் ஹில் நாங்கள் இருக்கிற இடம். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவள் தொடர்ந்தாள்:

"பம்ப் விக்கிற கடைக்கார நானா சொன்னாரு. அக்கா பழைய பம்ப்ப மேசையில வச்சி, 'நான்தான் கழட்டின, நான்தான் பூட்டப்போறன், றப்பர் வாசர் எந்தப் பக்கம் வரும் எண்டு மட்டும் சொல்லித் தாங்க நானா' எண்டாங்களாம். அவருக்கு நம்பிக்கையில்லியாம். செவ்வாய்க்கிழம அக்கா திரும்பிப் போய், வான கடை வாசல்ல நிப்பாட்டி ஹோர்ன் அடிச்சாங்களாம். அண்டையில இருந்து அவர் கூப்பிடுறது 'பாஸ் அக்கா' எண்டாம்."

இது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. உண்மையைச் சொல்ல உமக்கு இந்தக் குடாக்கடலைச் சுற்றிப் போனால், கிண்ணியாவில் ஒரு கடைமேசை இருந்திருக்கிறது. உமது சொந்த வீட்டில் அதற்கு இடம் இருக்கவில்லை.

றிஸ்வானா என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "வாங்க சேர், வேலையப் பாப்பம். பற்றறி வயர் கழட்டியாச்சு. சாமி விளக்கு எரியுதா பாருங்க" என்றாள். நான் போய், கும்பிட்டு, விளக்கை நூர்த்தேன். உமக்கு மறுத்ததை அவளுக்குச் செய்தேன்.

லைற்றையும் நான்தான் பிடித்தேன். இருக்கையைத் தூக்கி, தரை மூடியை நீக்கினாள். வயரை விடுவித்து, குழாயைப் பிடுங்கி, வட்டத்தில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தாங்கியின் வாய் இரண்டு கை நெருக்கி நுழையும் அளவுதான். பம்ப்பைச் சரித்துத்தான் வெளியே எடுக்கவேண்டும். நேரே இழுத்தால் மிதவைக் கம்பி வளையும். மூடி நீங்கியதும் ஆவி வந்து முகத்தில் அடித்தது. கதவுகள் எல்லாம் திறந்திருந்தன, நின்றுகொண்டுதான் இருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஏலவில்லை. தலை சுற்றி வெளியே வந்து, வாசலில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்கயே நில்லுங்க சேர். மயங்கி விழுந்தா உங்களையும் நான்தான் தூக்கணும்."

திரும்ப உள்ளே போனேன். மறுபடியும் வெளியே வந்தேன். மூன்று தரம். நீர் அரை மணித்தியாலம் கிடந்தீர், படுத்தபடி, அசையாமல்.

புதுப் பம்ப்பை இறக்கி, வாசரை அழுத்தி, ஆணிகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கினாள். கதவுகளைத் திறந்தபடி ஆவி போகும்வரை விட்டு, பிறகு பற்றறி வயரைப் பூட்டித் திறப்பைத் திருகினாள். அந்த மெல்லிய இரைச்சல் கேட்டது. எஞ்சின் பற்றியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, கடைக்காரருக்குத் தெரியாத மிச்சத்தை நான் சொன்னேன். தலைவர் வந்தது, மூன்று பொய், உள்ளே போன பாதங்கள், குசினி வாசல். எல்லாம்.

கழற்றிய பழைய பம்ப்பைப் புதியதன் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா அண்டைக்குத் தேத்தண்ணி குடிச்சாங்களா சேர்?"

எனக்குத் தெரியாது, யோகம். நான் திரும்பி வந்தபோது நீர் படுத்துவிட்டீர். நான் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நானே பாடி அச்சிட்ட கல்வெட்டை, அந்த இரங்கற்பாப் புத்தகத்தை, நேற்று எடுத்துப் பார்த்தேன். நாற்பது வெண்பா. உமது சமையல் இருக்கிறது, விரதம் இருக்கிறது, விருந்து பேணியது இருக்கிறது. பன்னிரண்டு வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர் என்று ஒரு சீர் இல்லை. யாப்புக்குள் வான் அடங்காது என்று யாரிடமாவது சாக்குச் சொல்லலாம். அடங்கும். பம்ப்பும் அடங்கும். நான் அடக்க விரும்பவில்லை. வந்தவர்கள் அந்தப் பாட்டுகளைப் புகழ்ந்தார்கள். நான் கை கூப்பி ஏற்றுக்கொண்டேன்.

ஆகவே இந்தக் கடிதம். அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் மலரைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய் வாசிக்கட்டும் என்று ஒளிந்துகொள்ளமாட்டேன். திவசத்தன்று, பந்தி வைக்குமுன், தலைவர் முன்னால் இருக்கும்போது, நானே எழும்பி இதை முழுக்க வாசிப்பேன். றிஸ்வானாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். மாஸ்ரர் பொய் சொன்னவர் என்று ஊர் சொல்லும். சொன்னவன்தான். யோகம் பம்ப் பூட்டினவ என்றும் சொல்லும். அதைச் சொல்லும்வரை எழும்பி உள்ளே போகமாட்டேன். இது உமக்கு என் வாக்கு.

மன்னிப்புக் கேட்டு முடிக்க நினைத்தேன். கேட்டால் நீர் யோசிக்காமல் தந்துவிடுவீர். உமது பழக்கம் அது. அதனால் கேட்கவில்லை.

உம்மைக் கைப்பிடித்து, அந்தக் கையை ஊருக்கு மறைத்த
உம் கணவன்,
ஓர்ஸ் ஹில், திருகோணமலை.