தொப்பியைத் தலையில் வைத்த பிறகு

ஓரூரோ, வியாழக்கிழமை

அன்புள்ள அனிசெத்தோவுக்கு,

மாதாவின் தயவில் நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுரங்கத்துக்குப் போகும் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரொட்டி பன்னிரண்டு, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். எண்ணி வாங்குங்கள்.

அங்கே ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் தொங்குகூடையை இயக்குகிற சபீனோவின் மனைவி ஹசிந்தா மூன்று நாளாக இங்கே வந்து போகிறாள். செவ்வாயன்று உப்பு கேட்டாள், புதனன்று ஊசி. என் நோட்டில் குறித்திருக்கிறேன். இரண்டு நாளும் மாவு பிசைந்தபடியே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். இன்று கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஊர்ப் பேச்சு. பிறகு குழந்தையை முதுகில் கட்டி, வாசலைத் தாண்டும்போதுதான் சொன்னாள்: "அக்கா, கூடைக் கயிறு ஓடுற மேல் சக்கரத்துல எங்க ஆளு எதையோ பாத்திருக்காரு. சனிக்கிழமை ஆளுங்கள இறக்கவே பயமா இருக்குங்கறாரு. உங்க வீட்டு மேஸ்திரிகிட்ட மூணு தடவ போயிட்டாராம்." என்ன பார்த்தார் என்று அவளிடமும் சொல்லவில்லையாம்.

உங்களிடம் வந்த சபீனோ பிள்ளைகளை விசாரித்தாராம், உருளைக்கிழங்கில் பனி விழுந்ததைச் சொன்னாராம். "சுருக்கமாச் சொல்லுப்பா" என்றீர்களாம். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாராம். "மேஸ்திரிகிட்ட பேசுறதும் ஓடுற ரயில்ல ஏறுறதும் ஒண்ணுதான்" என்று ஆட்கள் சிரிக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சினியர் முதல் வார்த்தையிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவார். அவரைக் கேட்கிற மாதிரி சபீனோவைக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அவரை உட்கார வையுங்கள். மெல்லுவதற்குக் கோகா இலையை நீட்டுங்கள். உருளைக்கிழங்கைப் பற்றி நீங்களே கேளுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அவர் எழுந்து தொப்பியைத் தலையில் வைத்த பிறகும் நீங்கள் எழுந்துவிடாதீர்கள். அவர் விஷயத்துக்கு வாய் திறப்பது அப்போதுதான்.

அதுவரை கூடையில் ஒருவரையும் ஏற்ற வேண்டாம். சனிக்கிழமை இறங்கும் பதினொரு பேரில் நீங்களும் ஒருவர்.

காலையிலிருந்து ஜெபமாலை கையில் நிற்கவில்லை. எத்தனையாவது மணி என்று மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்குகிறேன்.

லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடிக்கிறார். நீங்கள் மலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வாசலில் உங்களிடம் ஒன்று சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் படி இறங்கியிருப்பீர்கள். என்னுடையது இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும். சபீனோவுடையது சனிக்கிழமைக்கு மேல் பொறுக்காது.

மாதா உங்கள் செவியைத் தொட்டுத் திறக்கட்டும். முழுதாக வீடு வந்து சேருங்கள்.

உங்கள்
எதுவிஹெஸ்