வெள்ளைக் காரில் குங்குமம்

சனிக்கிழமை, இரவு

இப்போதுதான் சோறு இறங்கியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தட்டாஞ்சாவடியில் சித்தப்பாவின் பட்டறையில் நிற்கும் வண்டிகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைப்பது என் வேலை. விற்பனைக்கு நிற்கும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காருக்கும் நேற்று வைத்துவிட்டேன். காலையில் துடைத்தால், வெள்ளை பானட்டில் சிவப்புக் கறை போகவில்லை.

சித்தப்பா தலையில் கைவைத்தார். "அது ஜப்பான்ல அடிச்ச பெயிண்டும்மா. அதுக்குத்தான் வருசா வருசம் வெல ஏறுது."

"லேசா அடிச்சுடலாம்ண்ணே," என்றார் பெயிண்டர் முருகன் அண்ணன்.

"வாங்க வர்றவங்க பெயிண்ட் கனத்த அளக்குற மெஷின் வெச்சுப் பாப்பாங்கடா. மேல அடிச்சா காட்டிக் குடுத்துடும். அப்புறம் பாதி வெலகூட தேறாது."

என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இனி வீட்டிலேயே இரு என்பாரோ? பள்ளியை விட்ட பிறகு எனக்கென்று இருப்பது அந்தப் பட்டறைதான்.

மதியம் சென்னையிலிருந்து வாங்குபவர் வந்தார். கறையைப் பார்த்தார். மெஷினை வைத்துப் பார்த்தார். துணியில் பாலிஷைத் தொட்டுத் தேய்த்தார். சிவப்பு துணியோடு வந்துவிட்டது.

"மேல பூசின மெழுகுலதான் ஏறியிருக்கு. யாரு வெச்சது?"

"எங்க அண்ணன் பொண்ணு சார். வாயே தொறக்காது. கைதான் சும்மா இருக்காது."

விலை படிந்தது. கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். "தூரம் போற வண்டி. நீயே ஒரு பொட்டு வெச்சு அனுப்பும்மா."

"கண்ணாடியில வைம்மா, கண்ணாடியில!" என்று சித்தப்பா கத்தினார்.

கண்ணாடியில்தான் வைத்தேன். வண்டி போனதும், திங்கட்கிழமை பட்டறைக்குச் சீக்கிரம் வரச் சொன்னார் சித்தப்பா. விரலில் இன்னும் சிவப்பு இருக்கிறது. கழுவவில்லை.