வாளி வெளியே இருந்தால் ஆள் இல்லை

போன வாரம் மகளுக்கு அட்மிஷன் கேட்டுப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். வராண்டா முழுக்கப் பினாயில் வாடை. கோடியில் இருந்த கழிப்பறைக் கதவில் 'அனைவருக்கும்' என்று ஒரு பலகை. மகள் அதைக் கவனிக்கக்கூட இல்லை, அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டு வந்தாள். எனக்குத்தான் உன் ஞாபகம் வந்துவிட்டது.

நாம் படித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரை அடுத்த ஒரு கல்லூரியில், வேதியியல் வகுப்பில். நீ மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் வருவாய். வகுப்பில் கூப்பிடுவது ஆண் பெயர், போட்டிருப்பது பேண்ட் சட்டை. ஆனால் நீ பெண் என்பது உனக்குத் தெரியும், எனக்கும் சொல்லியிருந்தாய். ஒருநாள் பேச்சுவாக்கில் உன்னை 'ஏண்டி' என்று கூப்பிட்டுவிட்டேன். "இன்னொரு வாட்டி கூப்புடுமே" என்றாய். அப்புறம் நமக்குள் வாடி, போடிதான்.

ஆண்கள் கழிப்பறைக்கு நீ போனபோது வெளியே தாழ் போட்டுவிட்டார்கள், ஒரு பீரியட் முழுக்க. அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டாய். பெண்கள் பக்கம் சிலர் முகம் சுளித்தார்கள், நீயும் வற்புறுத்தவில்லை. நீ கண்டுபிடித்த வழி, கல்லூரியில் இருக்கும்வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பது. அதுவும் பங்குனி வெயிலில்! பைத்தியக்காரி.

இரண்டாம் வருஷம் லேபில் சுருண்டு விழுந்தாய். சிறுநீர்த் தொற்று, நெருப்பாய்க் காய்ச்சல். "தண்ணி குடிக்கிறதுக்கு என்ன கேடு?" என்று டாக்டர் சத்தம் போட்டார். வெளியே வந்து என்னிடம் சொன்னாய்: "குடிச்சா போவணும்மே. எங்க போறது? டி.சி. வாங்கிக்கினு போயிடறேன்." உன் வீட்டில் கல்லூரிவரை வந்தது நீ ஒருத்திதான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. உடம்பு தேறியதும் உன்னை இழுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன்.

கெமிஸ்ட்ரி கட்டடத்துக்குப் பின்னால் தனியாக ஒரு கழிப்பறை பூட்டிக் கிடந்தது, வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வருகிறவர்களுக்காகக் கட்டியது. அதைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டோம். முதல்வர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"திறக்கலாம்மா. போர்டுல ஆண்கள்னு எழுதறதா, பெண்கள்னு எழுதறதா? நாளைக்கு யாராவது கேட்டா?"

"ஒண்ணும் எழுதாதீங்க சார்," என்றாய். "எங்க லைன்ல பத்து ஊடு, ஒரே கக்கூஸ். வாளி வெளிய இருந்தா ஆள் இல்ல. வாளி இல்லன்னா உள்ள ஆள் கீது. ஆம்பள, பொம்பள எல்லாருக்கும் அதான் சார் கணக்கு."

அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நீ விடவில்லை. "கோச்சுக்காதீங்க சார். உங்க ஊட்ல எத்தினி கீது?"

"ஒண்ணுதான்."

"அதுல போர்டு மாட்டிகீறீங்களா?"

பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா பக்கென்று சிரித்துவிட்டார். முதல்வருக்கும் அடக்க முடியவில்லை. சாவி வந்தது. ஒரு மாசம் பார்ப்போம் என்றார். அந்த ஒரு மாசம் நாம் படிப்பை முடித்துப் போகும்வரை நீண்டது.

கதவுக்கு வெளியே ஒரு வாளி வைத்தோம். முதலில் நீ மட்டும் போனாய். பிறகு முழங்கால் வலியால் மாடிக்கு ஏற முடியாத கணக்கு வாத்தியார் வந்தார். நிறைமாத வயிற்றோடு நூலக அம்மா வந்தார். சீனியர்களுக்குப் பயந்த முதல் வருஷப் பசங்களும் வந்தார்கள். எல்லோரும் வாளி இருக்கிறதா என்று பார்த்தார்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அது உன்னால் திறந்தது என்றும் ஒருவர் சொல்லவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கடுப்புதான்.

கடைசி பிராக்டிகல் அன்று லேப் வாசலில் இருந்த பானையிலிருந்து மொண்டு மொண்டு குடித்தாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னாமே அப்டி பாக்குற? தாகமா கீது" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

நீ மஞ்சள் காமாலையில் போனாய், நாற்பதுகூட ஆகாமல். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சேர்த்துப் பேச எனக்கு விருப்பமும் இல்லை. உன் போட்டோ ஒன்றுகூட என்னிடம் கிடையாது. ஒரு பழக்கம் மட்டும் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், சிலிண்டர் போடுகிறவரானாலும் சரி, மைத்துனரானாலும் சரி, முதலில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். "வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுப்பியா!" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

சொன்ன பிறகுதான் கொடுப்பேன்.