குண்டுவுக்கு வைத்தியம் பார்த்த கை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பா செய்தித்தாளும் தானுமாக இருக்கிறார், நானும் இருக்கிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று பதறாதே, வலது கை ஆட்காட்டி விரல் மடங்க மாட்டேன் என்கிறது, மற்ற விரல்களை வைத்துச் சமாளித்து எழுதுகிறேன். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற நேரம் பார்த்து இப்படி ஆகிவிட்டது, வெட்டி வைத்த துணியை எல்லாம் பக்கத்துத் தெரு தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மிஷினுக்கு உறை போட்டு மூடியிருக்கிறது, அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

நம் குண்டு போய்விட்டது. உன் தம்பி கட்டைவிரல் அளவில் வாங்கி வந்து, உள்ளங்கைக்கு அடங்காமல் வளர்ந்த அதே ஆரஞ்சு மீன்தான். முதலில் சாப்பாட்டை வாயில் வாங்கித் துப்பியது, பிறகு வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, பெயருக்குச் சம்பந்தமே இல்லாமல் இளைத்துப்போனது. செதிலுக்கு நடுவில் சிவப்பாகப் புண் வேறு. மீன்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் தம்பிதான் ஒரு வாளியில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினான். வந்து, நாள்பட்ட நோயாம், மருந்து கொடுத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டுமாம் என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் அதை நம்பினேன், பெற்ற பிள்ளை சொல்வதை நம்பாமல் யார் சொல்வதை நம்புவேன்?

குண்டுவைத் தனித் தொட்டியில் விட்டோம். தினமும் பாதித் தண்ணீரை மாற்றுவேன், இரையில் மருந்தைப் பிசைந்து விரல் நுனியில் வைத்து ஊட்டுவேன், ஈரத்துணியில் ஏந்திப் பிடித்துப் புண்ணுக்கு மருந்து தடவுவேன். தம்பி டார்ச் அடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான். நீயும் ஒரு கை பிடியேன்டா என்றால், "உன் கை பட்டாதாம்மா அது சாப்பிடுது, உனக்குக் கைராசி" என்று சிரிப்பான். வளர்ந்த பிறகு அவன் என்னைப் பாராட்டி நான் கேட்டதே இல்லையா, அந்த ஒரு வார்த்தைக்காகவே தைக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி ஓடிப் போவேன். என் விரலில் ஊசி குத்தாத நாள் உண்டா, அந்தக் கையைத்தான் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தேன்.

விரலில் ஒரு கட்டி வந்தது. ஊசி குத்தியது சீழ் பிடித்திருக்கும் என்று களிம்பு போட்டேன், கேட்கவில்லை, அது உடைந்து, அடுத்தது புறங்கையில், அதற்கும் மேலே இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போனது. அப்பா பிடிவாதமாகத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்தம்மா கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல மீன் வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார். நான் ஒரு பைத்தியம், ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று குண்டுவின் பெருமையை எல்லாம் அளந்துகொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. மீனுக்கு வருகிற ஒருவகைக் காசநோய்க் கிருமி இது, காயம் வழியாக உள்ளே போயிருக்கிறது, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்.

திரும்பும் வழியிலேயே மீன் டாக்டரிடம் போனோம். அந்த மனிதர் என் கையைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். "மீனுக்கு வந்தது குணமாகாது, மனுஷங்களுக்கும் ஒட்டும், யாரும் வெறுங்கைய தண்ணில விடாதீங்கன்னு அன்னிக்கே உங்க பையன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா, அவர் உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் தம்பி வந்ததும் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை. "சொல்லிருந்தா நீ பயந்து விட்டுருவம்மா, அப்புறம் அத யாரு பாத்துப்பா? எல்லாருக்கும் ஒட்டாதுன்னு நெனச்சேன்" என்றான். எல்லாருக்கும் ஒட்டாது என்றால் அவன் ஏன் தொடவில்லை? அவன் அலமாரியில் ரப்பர் கையுறை டப்பா இருந்தது, பாதி காலி. நான் கடைக்குப் போகிற நேரத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் தொட்டியில் கை வைத்திருக்கிறான். அந்த டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், அவன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் மீன் டாக்டர் வீட்டுக்கே வந்து, வலி தெரியாமல் போய்ச் சேரட்டும் என்று தண்ணீரில் மருந்து கலந்தார். குண்டு மெதுவாகத் தூங்கிப்போனது. தம்பி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அழுதான், கடைசிவரை பக்கத்தில் நின்றது நான்தான். அந்த வாயில்லா ஜீவன் மேல் எனக்கு என்ன கோபம், அது என்னை ஏமாற்றவில்லையே. இப்போது தம்பி என் துணியைத் துவைக்கிறான், மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறான். வாங்கி விழுங்குகிறேன், பேச்சு மட்டும் வரவில்லை. விரல் முன்னைப்போல ஆகுமா என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

இந்த விஷயத்தைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்குக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் தம்பி ஒன்று சொன்னான், "அக்காவுக்கும் தெரியும்மா, அவளும் இப்ப சொல்ல வேணாம்னுதான் சொன்னா" என்று. ஒருநாள் நீ போனில், "தொட்டில கைய விட்டா சோப்பு போட்டு நல்லா கழுவும்மா" என்றாய். எவ்வளவு அக்கறை என் பெண்ணுக்கு என்று அப்பாவிடம் சொல்லிப் பூரித்துப்போனேன். அவன் சொன்னது பொய் என்றால் பொய் என்று எழுது, உண்மை என்றால் உண்மை என்று எழுது. ஆனால் எழுது. போன் செய்தால் நீ அழுவாய், உன் அழுகையைக் கேட்டதும் போனால் போகட்டும் விடு என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அதில் மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதிலை எனக்கென்று தனியாக எழுது, உறையை நானே பிரிப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா