பதினொரு காலண்டர்கள்

பிப்ரவரி 4

கல்லூரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும் முன்பே நீதிமன்ற ஊழியர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார். மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. இப்போது விவாகரத்து மனு. இந்து திருமணச் சட்டத்தில் மனநோய்க்கென்று இருக்கும் பிரிவின் கீழ். ‘எதிர்மனுதாரரோடு சேர்ந்து வாழும்படி மனுதாரரை நியாயமாக எதிர்பார்க்க முடியாது.’ எதிர்மனுதாரர் — நான்.

வேதியியல் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் மனுவையும் திருத்தினேன். பத்துக்கு மூன்று. எனக்கு நோய் இருப்பது உண்மை. லித்தியம் மாத்திரையில் ஓடுகிற உடம்பு என்பது உண்மை. நான்கு வருடத்துக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒன்பது நாள் தூங்காமல் சுவரெல்லாம் சமன்பாடு எழுதியதும் உண்மை. (என் கை நடுங்குவதை இயற்பியல்காரன் ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டினான். அதனால்தான் நிறுத்தினேன். அவனை இன்னும் மன்னிக்கவில்லை.) மற்றதெல்லாம் மச்சினன் கைவண்ணம்.

ஏழாம் பத்திக்கு மட்டும் மதிப்பெண் போடவில்லை. ‘அந்த ஒன்பது நாளும் மனைவியை அடித்தார்.’

அந்த நாட்களில் பாதி எனக்கு நினைவில்லை. அடிச்சேனா? கடவுளே, நான் அடிச்சேனா?

பிப்ரவரி 11

வக்கீலம்மா தைரியம் சொன்னார். “நோய் இருக்குன்னு காட்டினா மட்டும் போதாது சார். கூட இருக்கவே முடியாத அளவுக்கு இருக்குன்னு அவங்கதான் நிரூபிக்கணும். சரி, ஏழாவது பத்தி?”

“தெரியாதும்மா.”

“தெரியாதுன்னா?”

“நினைவில்ல.”

பேனாவை மூடி வைத்தார். “இதையே கூண்டுல ஏறிச் சொன்னீங்கன்னா, நான் இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்.”

மார்ச் 2

மாத்திரை போட்டேன். ‘போட்டாச்சா?’ என்று கேட்க ஆளில்லை.

ஜூலை 18

இன்று மச்சினன் ஒரு பை நிறையச் சுவர்க் காலண்டர்களோடு வந்தான். பதினொரு வருடத்துக் காலண்டர்கள். என் நோய் ஓயாத நோய் என்பதற்கு அத்தாட்சியாம்! நீதிபதி மேசையில் அவற்றை விரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலில் ஒரு டிக். நான் மாத்திரை விழுங்கியதைப் பார்த்த பிறகு அவள் போட்டது.

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நீங்க தினமும் ஒழுங்கா மாத்திரை போட்டதுக்கு நாம தேடிட்டிருந்த சாட்சிய அவரே தூக்கிட்டு வந்து கொடுத்திருக்கார் சார்!”

அத்தனை வருடத்தில் ஒன்பது கட்டங்கள் மட்டும் காலி. நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19

அவள் கூண்டில் ஏறினாள். இளைத்திருக்கிறாள். அவளுடைய வக்கீல், “அந்த ஒன்பது நாளும் உங்களை அடிச்சார், இல்லையா?” என்றார்.

தம்பியைப் பார்த்தாள். பிறகு நீதிபதியை.

“இல்லைங்க. கை ஓங்கினதுகூட இல்ல. சுவத்துல எழுதிட்டே இருந்தார். சாக்பீஸ் தீரத் தீர நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மனுல இருக்கறது தம்பி எழுதச் சொன்னது. நான் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அப்புறம் ஏம்மா விவாகரத்து கேக்கறீங்க?” என்றார் நீதிபதி.

“களைச்சுட்டேங்க. பதினொரு வருஷமா தினம் அவர் தொண்டையையே பாத்துட்டிருந்தேன். முழுங்கறாரான்னு. அவர் கெட்டவர் இல்ல. என்னாலதான் இனிமே பாக்க முடியாது.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆண் நீதிமன்றத்தில் அழக்கூடாது.

வெளியே மச்சினன் கத்தினான். “கவுத்துட்டியே அக்கா!”

“போடா. பொய் சொல்லித்தான் விடுதலை கிடைக்கும்னா எனக்கு வேணாம்.”

ஜூலை 22

வக்கீலம்மா: “ஜெயிச்ச மாதிரிதான் சார். மனு நிக்காது.”

ஜெயித்தால் என்ன ஆகும்? அவள் என் மனைவியாகவே இருப்பாள். களைத்தபடியே.

“ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டா? நோய்ப் பேச்சே இல்லாம?”

“சம்மதத்தின் பேர்ல கேக்கலாம். ஆறு மாசம் ஆகும். ஆனா ஜெயிக்கற கேஸை யாராவது விடுவாங்களா?”

“ஏழாவது பத்திக்குப் பதில் கிடைச்சுடுச்சும்மா. எனக்கு அது போதும்.”

உண்மையிலேயே போதும். பொய் சொல்லியிருந்தால் அவள் அன்றே தப்பித்திருப்பாள். என்னை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தான் மாட்டிக்கொண்டாள். இதற்கு எப்படி நன்றி சொல்வது?

மச்சினனுக்கும் அந்தக் காலண்டர்களுக்காக ஒரு நன்றி. மற்றதெல்லாம் கணக்கில் அப்படியே இருக்கிறது.

மார்ச் 6

இருவரும் சேர்ந்து போட்ட மனுவுக்குத் தீர்ப்பு வந்தது. ஒரு பக்கம்தான். அதில் ‘மனநோய்’ என்ற சொல் இல்லை.

படியிறங்கும்போது காலண்டர் பையை என்னிடம் நீட்டினாள். “கோர்ட்ல திருப்பிக் கொடுத்தாங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

வாங்கிக்கொண்டேன். அவள் பழக்கத்தில், “போட்டா—” என்று தொடங்கி, சட்டென்று வாயைப் பொத்திச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை வருடம்! அப்படியே ஓடிப் போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

பேருந்து திரும்பி மறைந்த பிறகு சொன்னேன்: “போட்டாச்சு.”

வீட்டுக்கு வந்து, சுவரில் தொங்கும் இந்த வருடக் காலண்டரில் இன்றைய கட்டத்தில் நானே டிக் போட்டேன். கை நடுங்கி, கோடு நாளைக்கும் கொஞ்சம் நீண்டுவிட்டது.